சிலுவை தாங்கிய ஏடும் சிறைப்பட்ட மனிதரும்

1898 பிப்ரவரி 14ஆம் நாள் பாரிசு நகரத்தின் 'ஃபிகாரோ' நாளேட்டில் ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்தது. வரைந்தவர் கரான் தாஷ் என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர். அதில் இரண்டே காட்சிகள். முதற்காட்சியில் ஒரு பெரிய குடும்பம் விருந்துக்கு அமர்ந்திருக்கிறது. அந்த விவகாரத்தைப் பற்றி மட்டும் இங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது என்று குடும்பத் தலைவர் விரலை உயர்த்தி எச்சரிக்கிறார். இரண்டாம் காட்சியில் மேசை அலங்கோலமாகிக் கிடக்கிறது. உறவினர்கள் ஒருவரையொருவர் பிடித்து உருட்டுகின்றனர். அவர்கள் அதைப் பற்றிப் பேசிவிட்டார்கள் என்பதே அடிக்குறிப்பு.

அன்றைய பிரெஞ்சு வாசகருக்கு 'அந்த விவகாரம்' எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அது கேப்டன் ஆல்பிரெட் டிரெய்ஃபசின் வழக்கு. ஒரு தாளை எழுதியவர் யார் என்பதே அவ்வழக்கின் மையக் கேள்வி. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சில வாரங்களில் விடை காணக்கூடிய கேள்வி அது. ஆனால் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆயின. இடையில் அமைச்சரவைகள் கவிழ்ந்தன, நண்பர்கள் பிரிந்தனர், ஒரே கூரையின் கீழ் உண்டவர்கள் எதிரிகளாயினர்.

எளிய கேள்வி ஏன் இவ்வளவு கடினமாயிற்று? நாள்தோறும் செய்தித்தாள் வாசித்த, தாம் நன்கு செய்தி அறிந்தவர் என்று நம்பிய, நேர்மையான மக்கள் பல லட்சம் பேர் ஏன் ஒரு பொய்யை உண்மையென்று ஏற்றனர்? இக்கேள்வி கத்தோலிக்கராகிய நம்மைச் சற்று கூடுதலாகவே உறுத்த வேண்டும். அந்தப் பொய்யை வீடுதோறும் கொண்டு சேர்த்த ஏடுகளுள் ஒன்று, தன் முகப்பில் பாடுபட்ட சுரூபத்தைத் தாங்கி வந்தது.

குப்பைக்கூடையில் கிடைத்த தாள்

பாரிசிலிருந்த ஜெர்மானியத் தூதரகத்தில் துப்புரவுப் பணி செய்துவந்த ஒரு பெண், குப்பைக்கூடைகளில் கிடந்த காகிதத் துண்டுகளைத் திரட்டிப் பிரெஞ்சுப் படையின் உளவுப் பிரிவுக்குக் கொடுத்து வந்தார். 1894 செப்டம்பரில் அவ்வழியாக வந்த ஒரு தாள் அதிகாரிகளைத் திடுக்கிட வைத்தது. பீரங்கிப் படை தொடர்பான இரகசியக் குறிப்புகளை அனுப்புவதாகக் கூறும் கையொப்பமில்லாத பட்டியல் அது. படைத் தலைமையகத்திலேயே ஒரு துரோகி இருக்கிறான் என்று முடிவு செய்தனர். ஐயம் டிரெய்ஃபஸ் மீது விழுந்தது.

டிரெய்ஃபஸ் 1859இல் அல்சாஸ் மாநிலத்து முல்ஹவுஸ் நகரில் பிறந்தவர். 1871இல் அம்மாநிலத்தை ஜெர்மனி கைப்பற்றிக் கொண்டபின், பிரான்சின் குடிமகனாகவே வாழ விரும்பிய குடும்பத்தின் பிள்ளை. பீரங்கிப் படை அதிகாரி, யூதர். அவருடைய கையெழுத்து அந்தத் தாளின் எழுத்தை ஓரளவு ஒத்திருந்தது. அக்டோபர் 15ஆம் நாள் கைது செய்யப்பட்டார்.

முதலில் கேட்கப்பட்ட கையெழுத்து வல்லுநர், இது அவருடைய எழுத்து என்று உறுதி கூற மறுத்தார். பின்னர் பாரிசு காவல்துறையின் அடையாளப் பிரிவுத் தலைவர் பெர்த்தியோனை அழைத்தனர். குற்றவாளிகளின் உடலளவுகளைக் கொண்டு அவர்களை அடையாளம் காணும் முறையை வகுத்தவர் அவர். கையெழுத்துக் கலையில் வல்லுநர் அல்லர். எழுத்துகள் ஒத்திருக்கும் இடங்கள் குற்றத்தைக் காட்டுகின்றன என்றார் அவர். ஒத்திராத இடங்களோ, டிரெய்ஃபஸ் தம் கையெழுத்தைத் தாமே வேண்டுமென்று மாற்றி எழுதினார் என்பதைக் காட்டுகின்றன என்றார். ஒற்றுமையும் சான்று, வேற்றுமையும் சான்று என்றால் எந்த மனிதர்தான் தப்ப முடியும்? வீட்டைச் சோதித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும்கூட அவருக்கு எதிராகவே கொள்ளப்பட்டது.

டிசம்பர் 19 முதல் 22 வரை மூடிய கதவுகளுக்குப் பின்னே படை நீதிமன்றம் கூடியது. சான்று போதாது என்று உணர்ந்த போர் அமைச்சர் மெர்சியே, நீதிபதிகள் தனித்துக் கலந்தாயும் வேளையில் ஓர் இரகசியக் கோப்பை அவர்களிடம் சேர்ப்பித்தார். குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ அதைக் காணவில்லை. நீதிபதிகள் ஒருமனதாகக் குற்றவாளி என்றனர். 1895 சனவரி 5ஆம் நாள் படைப்பள்ளி முற்றத்தில் அவருடைய பதவிச் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன; வாள் முறிக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்று அவர் கூவிக்கொண்டே இருந்தார். வெளியே கூடியிருந்த கூட்டம் அவருடைய சாவை வேண்டி முழங்கியது. பின்னர் தென்னமெரிக்கக் கரையோரத்துப் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதியிலுள்ள பேய்த்தீவுக்கு அனுப்பப்பட்டார்.

அந்த நாளில் அவரை நம்பியவர்கள் குடும்பத்தினரும் மிகச் சிலருமே. பிற்காலத்தில் அவருக்காகப் போராடிய சமதர்மத் தலைவர் ழான் ழோரேஸ்கூட அப்போது நாடாளுமன்றத்தில், சாதாரணப் படைவீரன் சிறு குற்றத்துக்குச் சுட்டுக் கொல்லப்படும்போது இந்த அதிகாரிக்கு உயிர்ப்பிச்சையா என்றுதான் சினந்து பேசினார். பிழைபட்ட தீர்ப்பை நம்பியது குற்றமன்று. நீதிமன்றம் சொன்னதைக் குடிமக்கள் நம்பினர். சோதனை அதன்பின் வந்தது.

மலிவு விலையில் மாநிலமெங்கும்

பிரான்சில் 1881 சூலை 29ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் செய்தி ஏடுகளுக்குப் பரந்த உரிமை வழங்கியது. எழுத்தறிவும் இருப்புப்பாதையும் பெருகிய காலம் அது. ஐந்து சந்தீம் என்னும் சிறுகாசுக்கு ஒரு நாளேடு கிடைத்தது. 'லெ பெத்தி ழூர்னால்' என்னும் ஏடு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லட்சம் படிகள் விற்றது. முன்னெப்போதும் இல்லாத அளவு மக்கள் செய்தி அறிந்தனர். செய்தி பெருகிய அதே காலத்தில்தான் இப்பெரும்பொய்யும் தழைத்தது என்பதை நாம் கருத வேண்டும். தெரிந்துகொள்ள வழியில்லாத காலத்தின் கதை அன்று இது.

யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்ட எதுவார் துருமோன் 1892இல் தொடங்கிய 'லா லீப்ர் பரோல்' ஏடு, 1894 நவம்பர் முதல் நாள் டிரெய்ஃபசின் கைதைப் பெயருடன் வெளியிட்டு ஆர்ப்பரித்தது. விசாரணை முடியாத நிலையிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. இனி அவரை விடுவித்தால் அமைச்சர் யூதரிடம் விலை போனார் என்பார்கள். அமைச்சர் பின்வாங்கும் வழி அடைபட்டது.

நமக்கு வருத்தம் தரும் பெயர் 'லா குருவா'. சிலுவை என்று பொருள். அசம்ப்ஷனிஸ்ட் சபைத் துறவிகள் 1883 முதல் நடத்திய கத்தோலிக்க நாளேடு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றதோடு, மாவட்டந்தோறும் கிளை ஏடுகளும் அதற்கு இருந்தன. பங்குக் குருவின் மேசையிலும் உழவர் வீட்டு அடுப்பங்கரையிலும் அது கிடந்தது. ஏழைகளின் நம்பிக்கையைக் காக்க உழைத்த ஏடு அது. அதே ஏடு 1890இல், பிரான்சிலேயே யூதர்களை மிகக் கடுமையாக எதிர்க்கும் ஏடு தானே என்று பெருமை பேசியது. டிரெய்ஃபஸ் வழக்கில் அது அந்தப் பெருமைக்கேற்பவே நடந்துகொண்டது.

அவர்கள் தீயோர் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் நாம் ஒன்றும் கற்கமாட்டோம். அவர்களுக்கு உண்மையான காயங்கள் இருந்தன. 1880இல் அரசு துறவற இல்லங்கள் பலவற்றின் கதவுகளை உடைத்துத் துறவிகளை வெளியேற்றியது. 1882இல் அரசுப் பள்ளிகளிலிருந்து மறைக்கல்வி நீக்கப்பட்டது. அதே ஆண்டு, கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் சேமிப்பைப் போட்டு வைத்திருந்த 'யூனியோன் ழெனெரால்' வங்கி முறிந்தது. பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். வங்கியின் சொந்த ஊக வாணிபமே முறிவுக்குப் பெரிதும் காரணமாயினும், யூத வங்கியாளர்களின் சதி என்ற பேச்சே மனங்களில் தங்கியது. காயம்பட்டவன் காயப்படுத்தியவனைத் தேடுகிறான். யாரேனும் ஒருவனைச் சுட்டிக்காட்டினால் ஆராயாமல் நம்புகிறான். துன்பம் உண்மையானது என்பதனாலேயே அதற்குச் சொல்லப்படும் காரணமும் உண்மையாகிவிடாது. இந்த வேறுபாட்டை மறந்த இடத்தில்தான் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் வழுக்கினர்.

ஓர் எழுத்து பெயரான விதம்

பொய்ச்செய்தி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இவ்வழக்கு தரும் எடுத்துக்காட்டுகள் நுணுகி நோக்கத் தக்கவை.

பதவி பறிக்கப்பட்ட நாளில் டிரெய்ஃபஸ் தம்மைக் காவல் காத்த அதிகாரியிடம், விசாரணையாளர் தம்மிடம் கேட்ட ஒரு கேள்வியை எடுத்துச் சொன்னார். மேலும் முக்கியமான ஆவணங்களைப் பெறும் நோக்கத்தோடு சிறு ஆவணங்களை ஜெர்மானியருக்குக் கொடுத்திருக்கலாமே என்பது அக்கேள்வியின் சாரம். அக்கூற்று வாய்மாறிச் சென்றபோது, பிறர் கேட்டது அவரே சொன்னதாகிவிட்டது. டிரெய்ஃபஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று மறுநாள் ஏடுகள் எழுதின. முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் கேட்க அவர் மறுத்துக் கூவியது மறக்கப்பட்டது; ஓர் அறைக்குள் ஒருவர் காதில் விழுந்ததாகச் சொல்லப்பட்டது நிலைத்தது.

நீதிபதிகளுக்கு மறைவாகக் காட்டிய கோப்பில் ஒரு கடிதம் இருந்தது. அதில் ஓர் ஒற்றனைக் குறிக்க 'டி' என்னும் முதலெழுத்து மட்டும் வந்திருந்தது. 1896 செப்டம்பர் 14ஆம் நாள் 'லெக்லேர்' ஏடு அக்கடிதத்தைப் பற்றி எழுதியபோது, அந்த ஒற்றை எழுத்தை 'டிரெய்ஃபஸ்' என்று முழுப்பெயராக்கிவிட்டது. வாசகர்கள் இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்றனர். ஆனால் அச்செய்தியே வேறோர் உண்மையையும் தன்னையறியாமல் வெளியிட்டது. வழக்கறிஞருக்குக் காட்டாத ஓர் ஆவணத்தை நீதிபதிகளுக்குக் காட்டியிருக்கிறார்கள்! டிரெய்ஃபசின் மனைவி அதைப் பற்றிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு முறையிட்டார். பெரும்பாலோர் தாம் முன்பே நம்பியதை உறுதி செய்யும் வரியை மட்டும் வாசித்தனர்; ஒரு சிலர் முழுவதையும் வாசித்தனர்.

குற்றமற்றவரின் தரப்பும் பொய்யைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டது. மக்கள் தம் தம்பியை மறந்துவிட்டார்களே என்று தவித்த அண்ணன் மத்தியூ, டிரெய்ஃபஸ் தீவிலிருந்து தப்பிவிட்டார் என்ற கட்டுக்கதையை 1896 செப்டம்பரில் ஓர் ஆங்கில ஏட்டின்வழி பரப்பச் செய்தார். பேச்சு மீண்டும் எழுந்தது உண்மை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் தீவிலிருந்த தம்பி. அஞ்சிய அமைச்சர் அவரை இரவுதோறும் கட்டிலோடு விலங்கிட்டுப் பூட்டுமாறு ஆணையிட்டார். கணுக்கால்கள் புண்ணாக, ஏறத்தாழ ஆறு வாரம் அவர் காரணமறியாமல் அப்படிக் கிடந்தார். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்யும் சிறைப்பட்டவன் காலில்தான் விலங்காக விழுந்தது.

உண்மையை விரும்பாதபோதும் உரைத்தவர்

1895இல் உளவுப் பிரிவின் தலைமையை ஏற்ற கர்னல் பிக்கார் அல்சாஸ் மாநிலத்தவர், கத்தோலிக்கராக வளர்ந்தவர். யூதர்மீது அன்றைய அதிகாரிகளுக்கு இருந்த வெறுப்பு அவருக்கும் இருந்தது. டிரெய்ஃபஸ் குற்றவாளி என்றே நம்பினார். 1896 மார்ச்சில் அதே ஜெர்மானியத் தூதரகத்திலிருந்து கிழிந்த அஞ்சல் தாளொன்று அவர் கைக்கு வந்தது. அது எஸ்தர்ஹாசி என்னும் பிரெஞ்சு அதிகாரிக்கு முகவரியிடப்பட்டிருந்தது. பின்னர் எஸ்தர்ஹாசி எழுதிய கடிதங்கள் கிடைத்தபோது, அவற்றைப் பழைய பட்டியலோடு அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கை.

பிக்கார் மேலதிகாரிகளிடம் சொன்னார். அந்த யூதன் தீவில் கிடந்தால் உமக்கென்ன என்ற பொருளில் விடை வந்ததாக அவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமளித்தார். இந்த மறையைக் கல்லறைவரை சுமந்து செல்லமாட்டேன் என்று அவர் மறுமொழி கூறினாராம். அவரைத் தூனிசியாவுக்கு மாற்றினர். பின்னர் சிறையிலும் அடைத்தனர். தமக்குப் பிடிக்காத ஒருவருக்காக அவர் இவற்றை ஏற்றார். நமக்கு வேண்டியவர்பால் நீதி காட்டுவது எளிது. பிக்காரின் பெருமை வேறு வகையானது.

1896 நவம்பர் 10ஆம் நாள் 'லெ மத்தேன்' ஏடு அந்தப் பட்டியலின் உருப்படியையே அச்சிட்டது. மறுவருடம் மத்தியூ அதைப் படியெடுத்துத் தெருக்களில் விற்கச் செய்தார். அதை வாங்கிப் பார்த்த பங்குத் தரகர் ஒருவர், இது தம் வாடிக்கையாளர் எஸ்தர்ஹாசியின் எழுத்தாயிற்றே என்று வியந்து மத்தியூவிடம் ஓடினார். தலைமையகம் ஒளித்து வைத்ததைத் தெருவில் நடந்த ஒரு மனிதர் கண்டுகொண்டார். மூல ஆவணம் கண்முன் வந்ததே அதற்குக் காரணம்.

ஆனால் 1898 சனவரி 11ஆம் நாள் படை நீதிமன்றம் எஸ்தர்ஹாசியை விடுவித்தது. இரண்டு நாள் கழித்து எமிலி ஜோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் 'லோரோர்' ஏட்டில் வெளிவந்து, 2 லட்சத்துக்கு மேல் விற்றது. அக்கடிதமும் குறையற்றதன்று, முதன்மைப் பழியை அது உண்மையான சூழ்ச்சிக்காரனைவிட வேறொருவர்மேல் ஏற்றியது. ஆயினும் அடிப்படை உண்மையை அது உரைத்தது. ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு தண்டமும் விதித்தனர். பல நகரங்களில் யூதர் கடைகள் தாக்கப்பட்டன. அல்ஜீயர்சில் உயிர்கள் பலியாயின.

விளக்கொளியில் தெரிந்த கோடுகள்

1898 சூலை 7ஆம் நாள் போர் அமைச்சர் கவேனியாக் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஐயம் யாவும் தீர்ந்தது என்றார். டிரெய்ஃபசின் பெயர் வெளிப்படையாகவே எழுதப்பட்ட ஒரு கடிதத்தை வாசித்தார். இத்தாலியத் தூதரகப் படை அலுவலர் ஜெர்மானியத் தூதரகப் படை அலுவலருக்கு எழுதியது என்றார். அவையினர் மகிழ்ந்து, அவ்வுரையை நாட்டின் ஏறத்தாழ 36,000 ஊராட்சி மன்றச் சுவர்களிலும் ஒட்ட முடிவு செய்தனர். அரசே ஒட்டிய சுவரொட்டி! இதைவிட உறுதியான செய்தி வேறென்ன இருக்க முடியும் என்று ஊர்தோறும் மக்கள் எண்ணினர்.

ழோரேஸ் அந்த உரையைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவரிடம் இரகசிய ஆவணம் எதுவும் இல்லை. சுவரில் எல்லோரும் படித்ததையே அவரும் படித்தார். தூதரக அலுவலர் ஒருவர் இவ்வளவு கொச்சையான நடையில் எழுதுவாரா? ஒளிக்க வேண்டிய பெயரை இப்படி விரித்து எழுதுவாரா? தலைமையகத்துக்குச் சான்று மிகவும் தேவைப்பட்ட அதே வேளையில் இக்கடிதம் வந்து சேர்ந்ததெப்படி? ஆகஸ்டு மாதம் தொடர் கட்டுரைகளில் அவர் துணிந்து எழுதினார்: இது போலி.

அதே மாதம் 13ஆம் நாள் இரவு, அமைச்சரின் பணியில் இருந்த கேப்டன் குய்னே கோப்புகளை விளக்கொளியில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட தாளில் எழுதிய அக்கடிதத்தை ஒளியில் பிடித்தபோது, தலைப்பும் கையொப்பமும் உள்ள துண்டின் கோடுகள் நீலச்சாம்பல் நிறமாகவும், நடுப்பகுதியின் கோடுகள் ஊதாச் சிவப்பாகவும் தெரிந்தன. இரு வேறு தாள்களை ஒட்டிச் செய்த போலி! குய்னே டிரெய்ஃபசுக்கு எதிரான தரப்பினர். இருந்தும் கண்டதை மறைக்காமல் அமைச்சரிடம் சொன்னார். ஆகஸ்டு 30ஆம் நாள் உளவுப் பிரிவின் கர்னல் ஆன்ரி, போலியைச் செய்தவர் தாமே என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் காவல் அறையில் சவரக் கத்தியால் கழுத்தறுபட்டு இறந்து கிடந்தார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதே இக்கதையின் மிகக் கசப்பான பகுதி. சார்ல் மோராஸ் என்னும் எழுத்தாளர், ஆன்ரியின் செயல் தேசபக்தியால் விளைந்த தியாகம் என்று எழுதினார். அவர் பின்னர் வழிநடத்திய 'அக்சியோன் பிரான்சேஸ்' இயக்கத்தைத் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1926இல் கண்டிக்க நேர்ந்தது. 1898 டிசம்பரில் துருமோனின் ஏடு ஆன்ரியின் மனைவிக்காக நிதி திரட்டியது. ஏறத்தாழ 25,000 பேர் 1,31,000 பிராங்கு கொடுத்தனர். சிலர் காசோடு யூதரைப் பழிக்கும் வசைகளையும் எழுதியனுப்பினர். கொடுத்தோர் பட்டியலில் சுமார் 300 குருக்களின் பெயர்கள் இருந்தன. அன்றைய பிரான்சின் பல்லாயிரம் குருக்களுள் அது சிறு தொகையே. ஆனால் மற்றவர்களிடமிருந்து கண்டனக் குரல் போதிய அளவு எழவில்லை. முதலில் பொய்யை உண்மையென்று நம்பினர். பின்னர் பொய்யென்று தெரிந்தும் அது நம் தரப்பின் பொய் என்று காத்தனர். முன்னது பிழை, பின்னது பாவம்.

சிறு மந்தையும் பெரிய இழப்பும்

கத்தோலிக்கர் எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. சட்ட வரலாற்று அறிஞரும் பக்தியுள்ள கத்தோலிக்கருமான போல் வியோலே, 1899இல் நீதியைக் காக்கும் கத்தோலிக்கக் குழுவொன்றை அமைத்தார். பிஷோ என்னும் குரு, இவ்வழக்கில் கிறிஸ்தவ மனச்சான்றின் கடமை யாது என்று வினவி அதே ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் மிகச் சிலர். தம் சகோதரரால் துரோகிகள் என்று ஏசப்பட்டவர்கள். இன்று திருச்சபை தலைநிமிர்ந்து நினைவுகூரக் கூடியவர்கள் அவர்களே.

1899 செப்டம்பரில் ரென் நகரில் நடந்த மறுவிசாரணை டிரெய்ஃபசை மீண்டும் குற்றவாளி என்றது. பத்து நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பளித்தார். 1906 சூலை 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, அவர் குற்றமற்றவர் என்றது. அவர் மீண்டும் படையில் சேர்க்கப்பட்டு, முதல் உலகப்போரிலும் பணியாற்றி, 1935இல் இறந்தார்.

திருச்சபை இழந்தது என்ன? திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1892இல், குடியரசை ஏற்று அதனுள் நன்மைக்காக உழையுங்கள் என்று பிரெஞ்சுக் கத்தோலிக்கருக்கு அறிவுறுத்தியிருந்தார். இவ்வழக்கு எழுப்பிய புயலில் அந்த நல்முயற்சி சிதைந்தது. 1900 சனவரியில் அசம்ப்ஷனிஸ்ட் சபையைக் கலைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. திருத்தந்தையும் அவர்களை ஏட்டுப் பணியிலிருந்து விலகச் சொன்னார். 1901இலும் 1904இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் துறவற சபைகளின் பள்ளிகள் பல ஆயிரம் மூடப்பட்டன. 1905 டிசம்பரில் அரசும் திருச்சபையும் பிரிந்தன. அவற்றுக்கு வேறு காரணங்களும் முன்பே இருந்தன. ஆயினும் திருச்சபைக்காகப் பரிந்து பேச வேண்டிய நேர்மையாளர் பலரின் செவிகளை 'லா குருவா' போன்ற ஏடுகள் முன்னமே அடைத்துவிட்டிருந்தன.

வென்றவர்களுக்கும் சோதனை வந்தது. 1904 அக்டோபரில் ஒரு செய்தி வெளியாயிற்று. டிரெய்ஃபஸ் ஆதரவாளர் கூட்டணியில் போர் அமைச்சராயிருந்த ஜெனரல் ஆந்திரே, எந்த அதிகாரி திருப்பலிக்குச் செல்கிறார், யார் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்று இரகசியக் குறிப்பட்டைகள் வைத்துப் பதவி உயர்வைத் தடுத்து வந்தார். இரகசியக் கோப்பினால் விளைந்த அநீதியை எதிர்த்தவர்களின் ஆட்சியே இரகசியக் கோப்பு சேர்த்தது! அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. உண்மை எந்தக் கட்சிக்கும் நிரந்தரச் சொத்தாக எழுதிக் கொடுக்கப்படவில்லை.

நம் கையிலுள்ள சுவரொட்டி

அன்று ஊராட்சி மன்றச் சுவரில் இருந்த சுவரொட்டி இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. ஒட்டுபவரும் நாமே. விடியற்காலை செபத்துக்கு முன்பே ஒரு செய்தி வருகிறது. நம் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்கிறது. உடனே பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்கிறது. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது நம் கோபத்துக்கு இனிமையாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு சான்று நம்மிடம் இருக்கிறதா?

அரசியல் அழுக்கு, நமக்கேன் என்று ஒதுங்குவது இதற்கு மருந்தன்று. கேலிச்சித்திரத்தின் குடும்பத் தலைவர் சொன்ன வழி அது. ஒரு வேளை உணவுக்குக்கூட அது தாங்கவில்லை. எல்லோரும் வாய்மூடியிருந்தால் டிரெய்ஃபஸ் தீவிலேயே மடிந்திருப்பார். தரகர் செய்ததுபோல் மூலத்தைக் காண முயல்வதும், ழோரேஸ் செய்ததுபோல் இது நடக்கக்கூடியதா என்று நிதானித்துக் கேட்பதும், குய்னே செய்ததுபோல் நம் தரப்புச் சான்றையும் விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பதும் நம்மால் ஆகக்கூடியவை. இவற்றுக்குப் பெரும்படிப்பு வேண்டாம். சற்றுப் பொறுமையும், நாம் தவறாக நம்பிவிட்டோம் என்று சொல்லும் துணிவும் போதும். 1894இல் டிரெய்ஃபசைப் பழித்த ழோரேஸ் 1898இல் அவருக்காக எழுதினார். கருத்தை மாற்றிக்கொண்டது அவருக்கு இழுக்காகவில்லை.

பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளையைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். போதிய ஆதாரமின்றி அயலான்மேல் குற்றம் உண்டென்று மனத்துக்குள் ஏற்பதையும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு குற்றமென்றே கூறுகிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாம் பேசிய பொய்களை எண்ணிப் பார்க்கிறோம். நாம் விரும்பி நம்பிய பொய்களையும் பிறருக்கு அனுப்பிய பொய்களையும் எண்ணிப் பார்க்கிறோமா?

1998 சனவரியில், ஜோலாவின் கடிதம் வெளிவந்து நூறாண்டு நிறைந்தபோது, 'லா குருவா' தான் அன்று எழுதியவற்றுக்காக வெளிப்படையாக மனம் வருந்தியது. இன்றும் வெளிவரும் அந்த ஏடு அதனால் சிறுமைப்படவில்லை. அதன்மேல் வாசகர் வைத்த மதிப்பு உயர்ந்தது. ஆனால் அந்த வருத்தச் சொல்லைக் கேட்க டிரெய்ஃபஸ் இல்லை. அவர் மனைவியும் இல்லை. நூறாண்டு கழித்துக் கேட்கும் மன்னிப்பைவிட, செய்தியைப் பரப்புமுன் ஒரு நாழிகை பொறுத்து ஆராய்வது பெரிய அறம். அந்த ஒரு நாழிகை இன்று நம் கையில் இருக்கிறது.